எச்.ஐ.வி. ஓர் உடலுக்குள்ளேயே இவ்வளவு வேகமாக மாறுவது ஏன்?

படியெடுப்பதில் பிழை என்பதே வழக்கமான பதில். எச்.ஐ.வி.யின் ஏறத்தாழ 9,700 மரபெழுத்துகளைப் படியெடுக்கும் நொதி, எழுதியதைச் சரிபார்ப்பதில்லை. மூலத்தை விட்டுவிட்டு நகலிலிருந்தே நகல் எழுதும் ஏட்டுச்சுவடிபோல, பிழைமேல் பிழை ஏறுகிறது. சிகிச்சை பெறாதவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாவதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் இது பாதி பதில்தான். 1986இல் கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊர்ப் பூனைகளில் கண்டறியப்பட்ட எஃப்.ஐ.வி.யும் எச்.ஐ.வி. சேர்ந்த லென்டிவைரஸ் என்ற அதே வகைதான், அதன் நொதியும் பிழை செய்வதே. இருந்தும் ஆராயப்பட்ட பூனைகள் பலவற்றில் அதன் உறைப்புரதம் மெதுவாகவே மாறியது. பிழை நேர்வது வேறு, அது நிலைப்பது வேறு. வைரஸ் எவ்வளவு பெருகுகிறது, உடலின் எதிர்ப்பாற்றல் அதை எவ்வளவு விரட்டுகிறது என்பவையே வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

இத்தனை வேகமாக மாறுவதை மருந்து எப்படிப் பிடிக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1987இல் வந்த ஏ.இசட்.டி. என்ற மருந்து தனித்து நின்றபோது வைரஸ் அதற்குத் தப்பத்தான் செய்தது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றிலிருந்தும் தப்பும் மாற்றங்கள் ஒரே வைரஸில் ஒருசேர அமைவது மிக அரிது. பெருக்கம் அடங்கினால் மாற்றமும் அடங்குகிறது. மாத்திரையை அடிக்கடி விட்டுவிட்டால் இரண்டும் மறுபடி தொடங்கிவிடும்.