கேட்பவரைக் கேட்க எத்தனை மணிநேரம்?

429,059 இலிருந்து 282,380 ஐக் கழித்தால் 146,679. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு இது. முதல் எண், 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள். இரண்டாவது, அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்ததாகப் பதிவானவர்கள். மிச்சப் பேர் எங்கே என்று ஆயர் கேட்டார். அந்தத் தொகையைப் பற்றி வாதங்கள் உண்டு. கேள்வி அப்படியே நிற்கிறது.

மன்னார் மாவட்டத்து அடம்பனை இராணுவம் 2008 மே மாதம் பிடித்தது. அந்தப் பக்கத்துச் சனம் வடக்கே பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் இருந்து, பிறகு கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் அதே வயல்களுக்குத் திரும்பி வந்தது. திரும்பாதவர்களுக்குப் பல வீடுகளில் இன்னும் திவசம் இல்லை. திவசம் செய்தால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். துக்கத்தைப் பற்றி 1917இல் வெளியான கட்டுரையில் சிக்மண்ட் பிராய்ட், இழந்தவரோடு இருந்த பிணைப்பை மனம் ஒவ்வொரு நினைவாக எடுத்துப் பார்த்து மெல்ல மெல்லத்தான் தளர்த்துகிறது என்றார். இழப்பே உறுதியாகாத வீட்டில் அந்த வேலை தொடங்குவதேயில்லை. உளப்பகுப்பாய்வு முறையில் கேட்கப் பழகியவர்கள் மன்னாருக்குத் தேவை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எத்தனை பேருக்காக? போர் கண்ட நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரை, 22.1 வீதமானோருக்கு ஏதோவொரு உளநலக் கோளாறு இருக்கும் என்றும், 5.1 வீதமானோருக்கு அது கடுமையாக இருக்கும் என்றும் மதிப்பிட்டது. மன்னார் மாவட்டத்தின் 2012 சனத்தொகை 99,570. இவ்வீதங்களை அப்படியே பொருத்தினால் முதலாவது 22,000 பேர், இரண்டாவது 5,100 பேர். இது மதிப்பீடுதான். பக்கத்து யாழ்ப்பாணத்தில் 2009இல் நேரடியாக 1,448 பேரைக் கேட்டெடுத்த ஆய்வு உண்டு: மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், மனவடுவுக்குப் பிந்தைய நெருக்கீட்டுக் கோளாறு 7 வீதம். அப்போதும் முகாமில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு 41.8 வீதம்.

ஓர் உளவளத்துணையாளர் கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு ஐந்து பேரைப் பார்க்கிறார் என்று வைப்போம். ஆண்டுக்கு 40 கிழமை. 52 அல்ல: காலபோக அரிவு வெட்டிலும் மடுத் திருவிழாவிலும் நத்தார், பொங்கல் நாட்களிலும் ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியென்றால் 800 மணிநேரம். ஆளுக்கு ஆறு முறை என்றால் 133 பேர். கடுமையாக இருக்கும் 5,100 பேருக்கு மட்டும் முழுநேரமாக 38 பேர் வேண்டும்.

இனிப் பயிற்சிக் கணக்கு. நமக்குப் பழக்கமானது ஐந்து நாள் பட்டறை. நாளுக்கு ஆறு மணிநேரம், 30 பேர். அறிக்கையில் அது 900 மணிநேரப் பயிற்சியாக ஏறும். ஆளுக்குக் கிடைத்தது 30 மணிநேரம், அதன் பிறகு ஒன்றுமில்லை. கோப்பும் சான்றிதழும் கொண்டு ஊருக்குப் போனவர், அடுத்த திங்கட்கிழமை பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு முன்னால் தனியாக உட்காருகிறார்.

மற்ற முனையில் முழு உளப்பகுப்பாய்வாளர் பயிற்சி. பயில்பவர் தானே கிழமைக்கு நான்கு முறை, நான்கு ஆண்டு பகுப்பாய்வுக்குப் போனால் 640 மணிநேரம். மணிக்கு 30 டொலர் என்ற மலிவான கணக்கிலும் ஆளுக்கு 19,200 டொலர். அடம்பனில் அதைப் பேசிப் பயனில்லை.

கிழமைக்கு எத்தனை முறை என்ற எண்ணிக்கையும் வேதவாக்கு அல்ல. பிராய்ட் ஒருவரைக் கிழமைக்கு ஆறு முறை பார்த்துவந்தார். 1921இல் கைவசம் இருந்த 30 மணிநேரத்துக்கு ஐந்து பேருக்குத்தான் இடம். ஆறாவது ஆளும் வந்துவிட்டார். மகள் அன்னா கணக்குப் பார்த்து, ஆறு பேரையும் ஐந்து முறை பார்த்தாலும் அதே 30 தானே என்றாராம். அந்த ஆறு பேரில் ஒருவரான ஏப்ராம் கார்டினர் பின்னாளில் இதை எழுதிவைத்தார். தூரமும் தடையாகவில்லை: 1922இல் கல்கத்தாவில் 15 உறுப்பினர்களோடு இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், பிராய்டை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. இருவரும் கடிதத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

நம் நிலைமைக்கு மிக நெருக்கமான முன்மாதிரி 1920 பெப்ரவரியில் பெர்லினில் திறந்த உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நிலையம். அதுவும் ஒரு போருக்குப் பிறகு வந்ததே. மாக்ஸ் ஐட்டிங்கன் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். வந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள், முடியாதவர்கள் கொடுக்கவில்லை. பாடம், தன் சொந்தப் பகுப்பாய்வு, மூத்தவரின் மேற்பார்வை என்ற மூன்று பகுதிப் பயிற்சியும் அங்கேதான் வடிவம் பெற்றது. பத்தாண்டு முடிவில் ஒட்டோ பெனிகல் வெளியிட்ட கணக்கு இது: ஆலோசனைக்கு வந்தோர் 1,955. சிகிச்சையில் சேர்ந்தோர் 721. தொடர்வோர் 117, இடையில் விட்டுப்போனோர் 241, மாற்றமில்லாதோர் 47, ஓரளவு தேறியோர் 116, நன்கு தேறியோர் 89, குணமானோர் 111. மூன்றில் ஒருவர் விட்டுப்போனதை மறைக்காமல் அச்சிட்டார்கள். நம் ஊர்த் திட்ட அறிக்கை எதிலும் அந்த 241க்கு ஒரு நிரல் இருப்பதை நான் கண்டதில்லை. விட்டுப்போனவர் ஏன் போனார் என்று உட்கார்ந்து பேசும் இடத்தில்தான் பயிற்சி நடக்கிறது.

அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நானே புனைந்த ஒரு மாதிரி. எட்டுப் பேர், ஒன்றரை மணிநேரம். இளைய உளவளத்துணையாளர் ஒருவர் போன கிழமை நடந்த சந்திப்பை ஞாபகத்திலிருந்து சொல்கிறார். மூத்தவர் ஒரே ஓர் இடத்தில் நிறுத்துகிறார்: “பிள்ளை, அவா மகன்ர சேட்டை இன்னும் தோய்ச்சு மடிச்சு வைக்கிறன் எண்டு சொல்லேக்க, நீங்கள் ஏன் சமுர்த்திக் கதைக்குப் போனீங்கள்?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அக்கா, அதைக் கேக்கேலாமல் இருந்தது. எங்கட தம்பியும் வரேல்லை.” இதை ஐந்து நாள் பட்டறை எடுத்துத் தராது. கேட்பவரும் அதே இடப்பெயர்வில் நடந்தவர் என்பது மன்னாரில் விதிவிலக்கல்ல.

அந்த எட்டுப் பேருக்கு அறிமுகப் பயிற்சியின் ஓராண்டுக் கணக்கு, மணிநேரத்தில்: வாசிப்பு வகுப்பு 30 கிழமை, ஒன்றரை மணிப்படி 45. குழு மேற்பார்வை 40 கிழமை, அதேபடி 60. தனக்கான சிகிச்சை கிழமைக்கு ஒன்று, ஆளுக்கு 40, எட்டுப் பேருக்கு 320. மொத்தம் 425. இதில் 75 வீதம் கடைசி வரியில் இருக்கிறது. வரவுசெலவுத் திட்டங்களில் காணாமல் போகும் வரியும் அதுதான்.

மணிக்கு 30 டொலர் என்றால் மொத்தம் 12,750 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 2,550,000 ரூபாய். 2022இல் 360 ஐத் தொட்டபோது 4,590,000. பாடம் மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. இரண்டு மில்லியன் கூடிவிட்டது. ஆகவே வெளிநாட்டு நிபுணரில் தொங்காமல், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் உள்ள மூத்தவர்களைக் காணொளியில் தமிழிலேயே சேர்ப்பதே புத்தி. தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகத் தமிழில் எழுதியும் கற்பித்தும் வந்ததால் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

குறுகிய முறைகளையும் தள்ளமாட்டேன். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாமொன்றில் இரு குழுக்களாகப் பிரித்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்களே ஆறு அமர்வுகளில் சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஒரு குழுவில் 81 வீதமும் மற்றதில் 71 வீதமும் தேறியதாக 2009இல் பதிவானது. ஆனால் அந்தத் தாய் மடித்துவைத்த சேட்டுக்கு ஆறு அமர்வு போதாது.

425 மணிநேரத்துக்கும் காசில்லை என்றால் வாசிப்பு வகுப்பைப் பாதியாக்கலாம், புத்தகத்தை வீட்டிலும் படிக்கலாம். தனிச் சிகிச்சையை இரண்டு கிழமைக்கு ஒன்றாக்கினால் 160 மணிநேரம் மிஞ்சும். மேற்பார்வையின் 60 மணிநேரத்தில் கைவைக்கக் கூடாது: மணிக்கு 30 டொலர், டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால் 540,000 ரூபாய், ஆளுக்கு 67,500. அரிவு வெட்டு முடிந்து பங்குனியில் தொடங்கலாம். அதற்கு வேண்டிய மற்றவை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், குழு கூடும் வியாழக்கிழமை பின்னேரம் வேறு கூட்டத்துக்கு அழைக்கமாட்டோம் என்று மேலதிகாரி கையெழுத்திட்ட ஒரு கடிதமும்.