கிணறு ஒன்று, குடம் நூறு!

சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் படிப்பக மேசையில் ஏடுகள் பல கிடக்கின்றன. அவற்றில் வரும் டில்லிச் செய்தி எங்கிருந்து வருகிறது? டில்லியில் நிருபர் வைக்க எல்லா ஏட்டுக்கும் பணம் ஏது? செய்தி நிறுவனம் அனுப்புவதைத்தான் சிறிய ஏடுகள் அச்சேற்றுகின்றன. கிணற்றில் நஞ்சு கலந்தால், குடம் நூறு இருந்து என்ன பயன்?

எகிப்தைப் பாருங்கள். 1960-ல் நாசர் அரசு பெரிய ஏடுகளை ஆளும் அமைப்பான தேசிய ஒன்றியத்திடம் ஒப்படைத்தது. முதலாளியின் பிடியிலிருந்து ஏட்டை மீட்கிறோம் என்றார்கள். மீட்டது யாருக்கு? 1967 ஜூன் 5 காலையில் இஸ்ரேல் எகிப்தின் விமானப்படையைத் தரையிலேயே அழித்தது. கெய்ரோ வானொலியோ எதிரி விமானங்களை வீழ்த்தினோம், வீழ்த்தினோம் என்று முழங்கியது! தெருவில் மக்கள் ஆடிப்பாடினார்கள். சில நாளில் சினாய் முழுவதும் பறிபோயிருந்தது.

"அது அரபு நாடு, இங்கே நடக்குமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் சொல்கிறோம்: இங்கேயும் நடந்தது!

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. கூடவே தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்து வந்த பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி என்ற நான்கு செய்தி நிறுவனங்களும் 'சமாச்சார்' என்ற ஒரே நிறுவனமாக்கப்பட்டன. நான்கு வாய் இருந்த இடத்தில் ஒரு வாய்!

கைதானவர் பெயரைக்கூட வெளியிட முடியாத நாட்கள் அவை. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில், அண்ணா சதுக்கத்துக்கு வர இயலாதோர் என்று 'முரசொலி' பெயர்களை வரிசையாக அச்சிட்டது. படித்தவன் புரிந்துகொண்டான், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று!

இது எழுதுகிறவன் கவலை, ஆலைத் தொழிலாளிக்கு என்ன என்று எண்ண வேண்டாம். 1975 செப்டம்பரில், தீபாவளிக்கு முன்பாக, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. பாதிக்கு மேல் போயிற்று! வயிற்றில் அடித்தார்கள்; அலறும் வாயையும் பொத்தினார்கள். முதலில் வாயைப் பொத்தியதால்தான் வயிற்றில் அடிக்க முடிந்தது.

ஒற்றை வாய் ஆண்டவரையும் ஏமாற்றியது. நாடெங்கும் அமைதி என்ற செய்தியே நாள்தோறும் வந்தது. 1977-ல் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் அவர் சேர்ந்த அணி வென்றது. வடக்கே அடியோடு வீழ்ந்தது. ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியே தோற்றார்!

1978 ஏப்ரலில் சமாச்சார் கலைக்கப்பட்டு நான்கு நிறுவனங்களும் மீண்டன. கதை முடிந்ததா? 2020-ல் வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி, பி.டி.ஐ., யு.என்.ஐ. இரண்டின் சந்தாவையும் நிறுத்தியது. 2023-ல் இந்துஸ்தான் சமாச்சாருடன் ஒப்பந்தம் செய்தது. 2024-ல் தானே ஒரு செய்திச் சேவை தொடங்கி, முதலாண்டு இலவசம் என்றது. இலவசம் என்றால் சிறிய ஏடு வேண்டாமென்றா சொல்லும்? இங்கே சட்டமும் தேவையில்லை, தணிக்கையும் தேவையில்லை. சந்தாப் பணமே வேலையைச் செய்துவிடும்!

செய்தி முதலாளி கையிலேயே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆலை அதிபரின் ஏடு கூலி உயர்வுக்கு வாதாடாது. ஒருவர் கையில் ஒடுங்கக் கூடாது, அது அரசின் கையானாலும் பணத்தின் கையானாலும் என்பதே நம் வாதம்.

தோழர்களே! செய்தியைப் படிக்குமுன் அதன் தலையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எதிர் அணியின் ஏட்டையும் படிப்பகத்தில் வாங்கிப் போடுங்கள். நூல் வாங்குகிறவன் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறான். செய்தியையும் இழுத்துப் பாருங்கள். அறுந்தால் அது பொய்!