சிவப்பாகத் தெரியும் பச்சை

புவியியலோ சுற்றுச்சூழலியலோ பட்டப்படிப்பாக எடுப்பவர்களை, தொலையுணர்வு ஆய்வகத்தில் முதலில் பார்க்கும் செயற்கைக்கோள் படம் குழப்பியே தீரும். மலைக்காடு குங்கும நிறத்தில் கிடக்கும். பயிர் நிற்கும் வயல் இளஞ்சிவப்பு. தெளிந்த நீர் நிற்கும் ஏரி கறுப்பு. ஊரும் சாலையும் நீலம் கலந்த சாம்பல். படம் கெட்டுவிட்டதோ என்று கேட்கத் தோன்றும். கெடவில்லை. நம் கண்ணுக்கு எட்டாத ஓர் ஒளியை அது காட்டிக்கொண்டிருக்கிறது.

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, வெப்பமானியை நகர்த்தி வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறியது. அங்கே விழுந்தது அகச்சிவப்பு ஒளி.

இலைக்கும் அந்த ஒளிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில் ஒரு சிறு பங்கு திரும்பி வருகிறது; நாம் இலையைப் பச்சை என்பது அந்தச் சிறு பங்கை நம்பித்தான். சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பு இலையின் சமையலுக்கு உதவாது. அது இலைக்குள் காற்றிடைவெளி மிகுந்த பஞ்சுத் திசுவில் நுழைந்து, செல்சுவர்களில் பட்டுச் சிதறி, ஏறத்தாழ பாதி வெளியே வந்துவிடுகிறது. அதைக் காணும் கண் நமக்கு இருந்தால், உச்சி வெயிலில் வேப்பமரத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கூசும்.

திரையில் இருப்பதோ மூன்றே நிறங்கள். ஆகவே அகச்சிவப்புக்குச் சிவப்பையும், சிவப்புக்குப் பச்சையையும், பச்சைக்கு நீலத்தையும் ஒதுக்கிவிடுகிறார்கள். செடி சிவந்துவிடும், அகச்சிவப்பை நீர் விழுங்கிவிடுவதால் ஏரி கறுத்துவிடும். இந்த ஏற்பாடு போர்க்காலத்தில் பிறந்தது. பச்சை வண்ணம் பூசி மறைத்த தளவாடங்களை உயிருள்ள செடியிலிருந்து பிரித்தறிய, இரண்டாம் உலகப் போரின்போது கோடாக் நிறுவனம் இப்படியொரு படச்சுருளைத் தயாரித்தது. வண்ணப்பூச்சு கண்ணை ஏமாற்றும். அகச்சிவப்பை ஏமாற்றுவது கடினம்.

இதே முறையில் பூமியைப் படமெடுக்க, 1972-இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. 1988-இல் இந்தியா ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளை அனுப்பியது. இப்போதைய லேண்ட்சாட் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். 2008 முதல் இந்தப் படங்கள் இலவசம். மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவித்தொகை எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

படத்தை எண்ணாக்க ஓர் எளிய கணக்கு உண்டு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஓர் இடம் அகச்சிவப்பில் 50 சதவீதமும் சிவப்பில் 8 சதவீதமும் திருப்பி அனுப்பினால், விடை 0.72: அடர்ந்த பசுமை. 30-உம் 25-உம் என்றால் 0.09: வெறும் மண். உலகமெங்கும் வறட்சியைக் கண்காணிக்க இந்தக் கணக்கு பயன்படுகிறது.

இதை வைத்துக்கொண்டு ராமநாதபுரம் மாவட்டத்தைப் பாருங்கள். பிறைபிறையாக வளைந்த கரைகளோடு கண்மாய்கள் தொடர்ந்து கிடக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே உபரிநீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகிய நாளில் எடுத்த படத்தில் கண்மாய் கறுப்பு, அதற்குக் கீழே நெல் சிவப்பு. மே மாதப் படத்தில் நெல் போய்விடும். ஆனால் வற்றிக் கிடக்கும் கண்மாயின் உள்வாயில் திட்டுத்திட்டாகச் சிவப்பு நிற்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் கோடையிலும் செழிப்பு என்று எழுதிவிடக்கூடும். உள்ளூரில் யாரைக் கேட்டாலும், "சீமைக் கருவேலம் தம்பி, வேறென்ன?" என்பார்கள்.

எல்லாமே சீமைக் கருவேலமா என்றால், அதுவும் இல்லை. சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் பல கண்மாய்களுக்குள் வனத்துறை நாட்டுக் கருவேலத்தை நட்டிருக்கிறது. வளர்ந்த மரத்தை ஏலம் விடுவது வழக்கம். ஒன்று வேரோடு பிடுங்க வேண்டியதாக ஊர் கருதும் மரம், மற்றது காப்பாற்ற வேண்டியது. 22 சென்ட் புள்ளியில் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு.

கிட்டே போனால் குழப்பம் இல்லை. நாட்டுக் கருவேலம் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும். காய், விதைக்கு விதை இடுங்கி மணிகோத்த மாலையாகத் தொங்கும். சீமைக் கருவேலம் கதிராகப் பூக்கும். காய் இடுங்காமல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். ஆடுகள் விரும்பித் தின்று, புழுக்கையோடு விதையை அடுத்த கண்மாய் வரை கொண்டு சேர்த்துவிடும். மாணவர் ஜிபிஎஸ் கருவியோடு கண்மாய்க்குள் இறங்கி, இந்த இடத்தில் இந்த மரம் என்று இடம் இடமாகக் குறித்துக்கொண்டு வர வேண்டும். களச் சரிபார்ப்பு என்பது இதுதான். அந்தக் குறிப்புகளில் ஒரு பகுதியை வைத்துத்தான் கணினிக்கு இரண்டு மரங்களின் ஒளி வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்கிறார்கள். மீதியைக் கொண்டு, அது ஒழுங்காகக் கற்றதா என்று சோதிக்கிறார்கள்.