தட்டையா, உருளையா? — வேக எஞ்சின்களில் டாப்பெட்டின் தேர்வு

பெட்ரோல் எஞ்சினின் ஆற்றல், அதன் சிலிண்டர்களுக்குள் எவ்வளவு காற்றும் எரிபொருளும் புகுகின்றன என்பதைப் பொறுத்தது. அவை புகும் வழியைத் திறப்பதும் மூடுவதும் வால்வுகளின் பணி. அவ்வால்வுகளை ஆட்டி வைப்பது காம் தண்டு. 1955-இல் வெளிவந்த ஷெவர்லே வி-8 போன்ற தள்ளுகோல் எஞ்சின்களில் இத்தண்டு எஞ்சின் உடலின் நடுவே கிடக்கிறது. தண்டிலுள்ள முட்டை வடிவ மேடுகள் சுழலும்போது, அவற்றின்மேல் அமர்ந்துள்ள டாப்பெட் என்னும் உலோகத் துண்டு மேலெழுந்து தள்ளுகோலை உந்துகிறது. தள்ளுகோல் ராக்கர் கரத்தை அசைக்க, வால்வு திறக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலுமானால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது.

டாப்பெட்டின் அடிப்பாகம் மேட்டின்மீது வழுக்கிச் செல்ல வேண்டுமா, அன்றி உருண்டு செல்ல வேண்டுமா என்பதே எஞ்சினைத் திருத்தி வேகம் கூட்ட விரும்புவோர் முன் நிற்கும் வினா.

தட்டை டாப்பெட் எனப்படுவது உண்மையில் முற்றிலும் தட்டையானதன்று. அதன் அடி கண்ணுக்குப் புலப்படாத அளவு குவிந்திருக்கும். காம் மேடும் ஒரு பக்கமாக மிகச் சிறிதே சரிந்திருக்கும். மேட்டின் மையமும் டாப்பெட்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. இவற்றின் பயனாக டாப்பெட் தன் துளைக்குள் மெல்லச் சுழல்கிறது; தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் அடிப்பரப்பு முழுவதும் பரவுகிறது. ஏதேனும் காரணத்தால் அச்சுழற்சி நின்றுவிட்டால், சிறிது நேரத்தில் மேடு வழிக்கப்பட்டு, இரும்புத் துகள்கள் எண்ணெயோடு கலந்து தாங்கிகளை அடைகின்றன.

தட்டை டாப்பெட்டுக்கு வடிவகணிதம் விதிக்கும் எல்லை ஒன்று உண்டு. மேடு டாப்பெட்டை விரைவாக உயர்த்த உயர்த்த, இரண்டும் தொடும் இடம் டாப்பெட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. விளிம்பைத் தாண்டினால் மேடு அதன் ஓரத்தைச் சுரண்டிவிடும். ஆகவே தண்டு ஒரு பாகை சுழல்வதற்குள் டாப்பெட் உயரக்கூடிய உச்ச அளவு, அதன் ஆரத்தை 57.3 ஆல் வகுத்தால் கிடைப்பதாகும். ஷெவர்லேயின் டாப்பெட் 21.4 மி.மீ. விட்டமுடையது, அதன் எல்லை பாகைக்கு ஏறத்தாழ 0.187 மி.மீ. கிரைஸ்லரின் டாப்பெட் 23 மி.மீ. விட்டமுடையதாதலால் அதன் எல்லை 0.20 மி.மீ. ஆகிறது.

உருளை டாப்பெட்டின் அடியில் ஊசித் தாங்கிகள்மேல் சுழலும் சிறு சக்கரம் உள்ளது. மேற்கூறிய எல்லை இதற்கில்லை. வால்வை விரைவாகத் திறந்து, நெடுநேரம் அகலத் திறந்தே வைத்து, விரைவாக மூட இதனால் இயலும். உராய்வும் குறைவு. ஆயினும் இதற்கும் எல்லைகள் உண்டு. மேட்டின் சரிவு மிகுந்தால் டாப்பெட் துளையின் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. சக்கரம் எப்போதும் மேட்டுக்கு நேராகவே நிற்கவேண்டுமாதலால், டாப்பெட் திரும்பாமல் காக்கும் இணைப்புகள் தேவை. மேடுகளில் சரிவில்லாமையால் தண்டு முன்னும் பின்னும் நகராதபடி தடுப்பும் தேவை. எடை கூடுவதால் வலிய ஸ்பிரிங்குகள் வேண்டும். எஃகுத் தண்டாயின், அதற்கேற்ற உலோகத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் பற்சக்கரமும் வேண்டும். செலவு இவ்வாறு பெருகுகிறது.

மிதமான காம் தண்டுகளில் ஆற்றலின் வேறுபாடு பெரிதன்று. வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தில் தட்டை டாப்பெட் சிறிதும் பின்தங்குவதில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயங்களில் 2014 வரை தட்டை டாப்பெட்டே விதியாயிருந்தது, 5.87 லிட்டர் வி-8 எஞ்சின்கள் அதனுடனேயே நிமிடத்திற்கு 9,000 சுற்றுகளைத் தாண்டி ஓடின. சிறந்த எஃகும், வைரம் போன்ற கடினமுடைய கார்பன் பூச்சும் இதற்குத் துணைநின்றன. 2015-இல்தான் அங்கு உருளைக்கு இடமளிக்கப்பட்டது.

எனினும் சாதாரண உபயோகத்தில் தட்டை டாப்பெட்டின் ஆயுளை நிர்ணயிப்பது எண்ணெயே. வழுக்கும் பரப்புகளைக் காப்பது, எண்ணெயில் சேர்க்கப்படும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். ஆனால் புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக் கலத்தைப் பாஸ்பரஸ் கெடுத்துவிடுகிறது. எனவே 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், கார்களில் பெருவழக்காயுள்ள மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவிகிதத்திற்கு மேற்படாமல் கட்டுப்படுத்தியது. ஃபோர்டு தன் 5.0 லிட்டர் மஸ்டாங் எஞ்சினில் 1985-இலும், ஷெவர்லே தன் சிறிய வி-8-இல் 1987-இலும் உருளைக்கு மாறிவிட்டமையால் அவற்றுக்கு இதனால் பெரும் இடரில்லை. பழைய எஞ்சினில் புதிய தட்டை டாப்பெட் தண்டைப் பொருத்துவோர்க்கே இது அபாயமாகிறது.

அவர்கள் செய்யத்தக்கவை சில. புதிய தண்டுக்குப் புதிய டாப்பெட்டுகளையே இடவேண்டும். பழகிய டாப்பெட்டுகளைக் கழற்ற நேர்ந்தால், ஒவ்வொன்றையும் அதனதன் மேட்டுக்கே திருப்பவேண்டும். மேடுகளில் தொடக்கத்திற்குரிய பசையைப் பூசவேண்டும். எஞ்சின் உயிர்பெற்றதும் மெதுவாக ஓடவிடாது, சுமார் 2,000 சுற்று வேகத்தில், அதைச் சற்றே ஏற்றியும் இறக்கியும், 20 முதல் 30 நிமிடம் ஓட்டவேண்டும். கிராங்க் தண்டு வாரியிறைக்கும் எண்ணெயே மேடுகளை நனைக்கிறது. இரட்டை ஸ்பிரிங் உள்ளவிடத்து, அவ்வேளையில் உள் ஸ்பிரிங்கை நீக்கி வைப்பது நலம். அந்த அரைமணியில் பிழைத்த தண்டு, தக்க எண்ணெய் கிடைக்குமளவும் பல்லாண்டு உழைக்கும்.

ஆகவே தேர்வை மூன்று கேள்விகளால் முடிவு செய்யலாம். நாள்தோறும் சாலையில் ஓடவேண்டிய எஞ்சினா? ஹைட்ராலிக் உருளை டாப்பெட் செலவுக்குத் தகுந்த நிம்மதியைத் தரும். உயர் வேகமும் மிக உயர்ந்த வால்வுத் திறப்பும் வேண்டிய பந்தய எஞ்சினா? திட உருளை டாப்பெட்டே ஏற்றது. ஆனால் அதன் ஊசித் தாங்கிகளை அவ்வப்போது கழற்றிச் சோதிக்கும் பொறுமை வேண்டும். மிதமான தண்டுடைய பழைய எஞ்சினா, அல்லது விதிகளால் கட்டுண்டதா? அங்கே தட்டை டாப்பெட் போதும். தக்க எண்ணெயும் முறையான தொடக்க ஓட்டமும் கைவசமில்லாதவர், விலை குறைவென்று கருதி அதை நாடுதல் வேண்டா.