பரிசாக வந்த சாமான் பழுதானால் வாய்மூடி இருக்கலாமா?



தீபாவளி, பொங்கல், பிள்ளையின் முதல் சம்பளம். இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டால் நம் வீடுகளுக்கு ஏதாவது ஒரு புதுச் சாமானும் வந்து சேருகிறது. முன்பு அது வானொலிப் பெட்டி, பிறகு தொலைக்காட்சி. இன்றைக்குக் கைப்பேசி, ரைஸ் குக்கர், துணி துவைக்கும் இயந்திரம் என்று பட்டியல் நீண்டுவிட்டது. பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு வாங்கித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சாமான் மூன்றாம் நாளே நின்றுவிட்டால்?

சொந்தக் காசில் வாங்கியது கெட்டுப்போனால் நாம் கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போடவாவது செய்கிறோம். பரிசாக வந்தது கெட்டுப்போனால் வாயே திறப்பதில்லை. "புள்ள ஓவர்டைம் பாத்து வாங்கிக் குடுத்துச்சு. கெட்டுப் போச்சுன்னு சொன்னா மனசு சங்கடப்படுமே" என்று தாய் நினைக்கிறார். சாமானைத் துணியால் மூடி அலமாரி மேலே வைத்துவிடுகிறார். பிள்ளை தொலைபேசியில் கேட்டால், "நல்லாத்தான்யா இருக்கு" என்று பதில். அடுத்த பெருநாளுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து பார்க்கும்போது மாதங்கள் ஓடிவிட்டிருக்கும். ரசீது எங்கே போனதோ தெரியாது.

இந்த மௌனத்தால் யாருக்கு லாபம்? பழுதான சாமானை விற்றவருக்கு மட்டுமே லாபம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 65 வெள்ளி. 600 வெள்ளிக்கு ஒரு கைப்பேசி என்றால், அது ஒன்பது நாள் உழைப்புக்கும் மேல். செம்பனைக் குலை சுமந்தோ தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தோ சம்பாதித்த ஒன்பது நாள் கூலியை அலமாரி மேலே வைத்து மூடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இருந்தது. ஆனால் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் விற்பவர் தப்பித்துக்கொள்ள அதில் வழி இருந்தது. 1999ஆம் ஆண்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த வழியை அடைத்தது. கடைக்காரர் என்ன எழுதி மாட்டினாலும், ரசீதில் என்ன அச்சடித்தாலும், அந்தச் சட்டம் தரும் உரிமையை அது பறிக்க முடியாது.

பழுதில்லாமல், பாதுகாப்பாக, எதற்காக வாங்கினோமோ அதற்குப் பயன்படும்படி, நியாயமான காலம் உழைக்கும்படி சாமான் இருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் சாரம். கேரண்டி கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. திருத்தக்கூடிய பழுது என்றால் நியாயமான காலத்துக்குள் கடைக்காரர் சரிசெய்து தரவேண்டும். சரிசெய்யாமல் இழுத்தடித்தாலோ, பழுது பெரியது என்றாலோ, சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு புதியது கேட்கலாம். காசையும் திருப்பிக் கேட்கலாம்.

பரிசாகப் பெற்றவர் கேட்க முடியுமா? முடியும். வாங்கியவருக்கு என்ன உரிமை உண்டோ, அதையே பரிசு பெற்றவரும் கடைக்காரரிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. "நீ வாங்கலையே, உனக்கென்ன?" என்று கடைக்காரர் கேட்டால் அது செல்லாத பேச்சு. என்றாலும் வாங்கிய பிள்ளையும் கூடப் போனால் வேலை சுலபமாக முடியும். அதற்காகவாவது பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும்.

கடையில் கிடைக்கும் மூன்று பதில்கள்

"விற்ற சாமான் திரும்ப எடுக்கமாட்டோம், சுவத்துல எழுதியிருக்கு பாருங்க" என்பது முதல் பதில். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று நாம் போனால் அந்தப் பலகை சரி. பழுதான சாமானுக்கு அந்தப் பலகை செல்லாது.

"ஏழு நாள் தாண்டிப் போச்சு" என்பது இரண்டாவது. ஏழு நாளில் மாற்றித் தருவது கடையின் சொந்த ஏற்பாடு. சட்டத்தின் கணக்கு ஏழு நாளோடு முடிவதில்லை. ஆனால் திருப்பிக் கொடுப்பதென்றால் நியாயமான காலத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அலமாரி மேலே வைத்துக் காலம் கடத்தக்கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

"கம்பெனிக்காரனைப் போய்ப் பாருங்க, நாங்க விக்கிறதோட சரி" என்பது மூன்றாவது. சாமானைச் செய்த நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்பது உண்மை. அதனால் விற்றவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. காசு வாங்கியவர் அவர். நம்மைக் கோலாலம்பூருக்கு அலையவிட்டு இரண்டு நாள் கூலியைப் போக்கடிக்க அவருக்கு உரிமை இல்லை.

நாம் செய்யவேண்டியது

பழுது தெரிந்த அன்றே சாமானைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனாலும் திருகாணியைக் கழற்றிப் பார்க்க விடாதீர்கள். "நீங்களே கெடுத்துட்டீங்க" என்று சொல்லக் கடைக்காரருக்கு நாமே வழிகாட்டியது போல ஆகிவிடும்.

ரசீது, கேரண்டி கார்டு, பெட்டி, உள்ளே இருந்த கம்பி எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். இப்போதைய ரசீதுகளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் பிடித்து வைப்பது நல்லது.

கடைக்குப் போனால் சண்டை வேண்டாம். என்ன பழுது, எப்போது தெரிந்தது, நமக்கு என்ன வேண்டும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சாமானைப் பழுதுபார்க்க விட்டுவந்தால், விட்டதற்கு ஒரு சீட்டு எழுதி வாங்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள்.

தவணையில் வாங்கிய சாமான் என்றால் இன்னொரு எச்சரிக்கை. கோபத்தில் தவணை கட்டுவதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிறகு பாக்கி என்று சொல்லிச் சாமானை எடுத்துப்போக வருவார்கள். நம் வழக்கு பலவீனமாகிவிடும். கட்டிக்கொண்டே புகார் செய்யுங்கள்.

இணையத்தில் வாங்கியதற்கும் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டம் பொருந்துகிறது. ஆனால் விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பிடிப்பது கடினம். முகவரி இல்லாத விற்பனையாளரிடம் விலை மலிவு என்று பார்த்து ஏமாறவேண்டாம். மின்சாரச் சாமானில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் நம் பொறுப்பு.

கடைக்காரர் மசியாவிட்டால்?

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் திரிபியூனல் என்பார்கள். மாநிலங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. கட்டணம் 5 வெள்ளிதான். ஒன்றாம் எண் பாரத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். வக்கீல் வைக்கவேண்டியதில்லை. பொதுவாக அந்தப் பக்கத்தாரும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. தொழிலாளியும் கடை நிர்வாகியும் ஒரே மேசைக்கு முன் உட்கார்ந்து அவரவர் நியாயத்தைச் சொல்லவேண்டியதுதான். மன்றத்தின் தீர்ப்பைக் கடைக்காரர் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கும்.

பாரம் எழுதத் தெரியவில்லையா? படித்த பிள்ளைகள் இல்லாத தோட்டம் இன்று எது? தொழிற்சங்கத் தலைவரையும் கேட்கலாம். நெடுங்காலமாகத் தமிழில் 'பயனீட்டாளர் குரல்' வெளியிட்டு நம் மக்களை விழிக்கவைத்த பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

நம் பக்கமும் நியாயம் இருக்கவேண்டும்

தண்ணீரில் விழுந்த கைப்பேசிக்கும், இடி மின்னலில் கருகிய தொலைக்காட்சிக்கும் கடைக்காரர் பொறுப்பாகமாட்டார். மழைக்காலத்தில் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வைப்பது நம் வேலை. "இதில் இந்தக் குறை இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லி விலை குறைத்து விற்ற சாமானுக்கு, அதே குறையைச் சொல்லித் திரும்பப் போகவும் முடியாது. உண்மையைச் சொல்லிக் கேட்டால்தான் நம் பேச்சுக்கு மதிப்பு.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்குச் சாமான் வாங்கித் தரும்போது விலைச்சீட்டைக் கிழித்து எறிந்துவிடுகிறீர்கள், விலை தெரியக்கூடாது என்று. விலையை மறைத்தாலும் ரசீதை மறைக்காதீர்கள். ஒரு உறையில் போட்டு அம்மாவிடமே கொடுங்கள். "ஏதாச்சும் ஆனா உடனே சொல்லுங்கம்மா, நான் சங்கடப்படமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, சாமான் பழுதானது உங்கள் பிள்ளையின் குற்றமல்ல. உங்கள் குற்றமும் அல்ல. சொல்வதால் பிள்ளையின் அன்பு குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் அவன் இரவு கண்விழித்துச் சம்பாதித்த காசுதான் வீணாகும்.