விழுந்த பல்லும் விடுமுறைப் பயணமும்

அமெரிக்காவில் டியாப்லோ மலைக்கு அருகே அமைந்துள்ள சான் ரமோன் நகரின் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குச் சென்னை செல்ல ஆயத்தமாகும்போது, கோவில் தரிசனம், உறவினர் வீட்டுக் கல்யாணம், ஜவுளிக்கடை இவற்றோடு பல் வைத்தியமும் ஜாபிதாவில் இடம்பெறுவது சகஜமாகிவிட்டது. காரணம் வெளிப்படையானது. இழந்த ஒரு பல்லுக்குப் பதிலாக, தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள அமெரிக்காவில் பொதுவாக 3,000 முதல் 6,000 டாலர் வரை ஆகிறது. பல் காப்பீடோ பெரும்பாலும் வருஷத்துக்கு 1,000 அல்லது 2,000 டாலரோடு கை விரித்துவிடுகிறது. முதியோருக்கான மெடிகேர் திட்டமும், 1965-இல் சட்டமானபோதே வழக்கமான பல் சிகிச்சையை விலக்கி வைத்துவிட்டது. சென்னையில் அதே சிகிச்சை அத்தொகையின் ஒரு பகுதிக்கே கிடைப்பதால், விமானக் கட்டணம் போகவும் மிச்சம் உண்டு என்று கணக்கிடுவோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் டாலரையும் ரூபாயையும் எண்ணுகிற அந்தக் கணக்கில் மாதங்கள் சேர்வதில்லை என்பதுதான் சங்கடம்.

அதே 1965-இல், ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், பெர்-இங்வார் பிரானமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் கோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். எலும்பு ஆறும் விதத்தை அறிவதற்காக முயலின் கால் எலும்பில் அவர் முன்னர் வைத்திருந்த டைட்டானியக் கருவி, பரிசோதனை முடிந்து கழற்ற முயன்றபோது, எலும்போடு ஒன்றிப்போய் வர மறுத்ததே இந்தச் சிகிச்சைக்கு மூலம். லார்சன் 2006-இல் காலமாகும் வரை, ஏறத்தாழ நாற்பது வருஷங்கள், அத்திருகுகளின் மீது நின்ற பற்களாலேயே ஆகாரம் உண்டு வந்தார்.

வைத்தியர் திருகைப் பதிப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற காரியம். அதை எலும்பு பற்றிக்கொள்ளவோ மூன்று முதல் ஆறு மாதங்கள் வேண்டும். நாற்று வேர் பிடிப்பதற்குள் அசைக்கலாகாது என்பது போல, அந்த இடைக்காலத்தில் பளு ஏறித் திருகு ஆடிவிட்டால், எலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு சூழ்ந்து, சிகிச்சை வீணாகலாம். தாடை எலும்பு மெலிந்திருந்தால், அதை முதலில் வளர்க்க இன்னும் சில மாதங்கள் கூடும். ஒரே நாளில் பல் என்ற விளம்பரமும் முழுப் பொய்யன்று. எலும்பு உறுதியாயிருப்பவர்களுக்குத் தாற்காலிகப் பல் உடனே வைக்கலாம். ஆயினும் உள்ளே எலும்பு எடுத்துக்கொள்ளும் அவகாசம் அதனால் குறைவதில்லை. புகை பிடிப்பவர்களும், சர்க்கரை கட்டுப்படாதவர்களும், எலும்பு வலுவுக்கான சில மருந்துகளை உட்கொள்பவர்களும் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்வது அவசியம். இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழற்சியுற்றால் எலும்பு கரையக்கூடுமாதலால், பல் துலக்கும் கடமையும் ஆறு மாதத்துக்கொரு முறை வைத்தியரைக் காண்பதும் நீங்குவதில்லை.

ஆகவே, ஒரு வருஷத்துக்குள் இரண்டு முறை ஊருக்குப் போகக்கூடியவராய், முதல் பயணத்தில் திருகும் மறு பயணத்தில் அதன்மேல் உறைபோல் அமரும் கிரௌனும் வைத்துக்கொள்ளும் பொறுமையும் உடையவருக்கு சென்னைச் சிகிச்சை உண்மையிலேயே லாபகரமானது. அத்தகையோர், திருகின் கம்பெனிப் பெயர், மாதிரி, அளவு ஆகியவை அச்சிட்ட அட்டையையும் எக்ஸ்ரே படங்களையும் தவறாமல் கேட்டு வாங்கிவருதல் வேண்டும். ஒரு கம்பெனியின் உதிரிப் பாகம் மற்றொன்றின் திருகில் பொதுவாகப் பொருந்தாதாகையால், பின்னால் ஏதேனும் தளர்ந்தால், சான் ரமோன் வைத்தியருக்கு அந்த அட்டையே ஆதாரம். ஒரே பயணந்தான் சாத்தியம் என்பவருக்கோ, பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பழுதுபட்டுக் கிரௌன் தேவைப்படுபவையாயிருந்தால், அவற்றை ராவி அவற்றின் மீதே தாங்கவைத்து இரண்டொரு வாரத்தில் முடிந்துவிடும் பிரிட்ஜே உசிதம். அவை நல்ல பற்களாயின், விடுமுறைக்கு இசைவாக அவற்றை ராவிக் கெடுப்பதைவிட, அடுத்த பயணம் வரை கழற்றி மாட்டும் பல்லோடு காலம் தள்ளுவது எவ்வளவோ மேல்.