பானை ஓடு சொல்வதும் நாம் சொல்வதும்

நான் திருவொற்றியூரில் சமூக அறிவியல் ஆசிரியர். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளரும் எங்கள் மாணவர்களுக்குக் கடல் வணிகம் புதிதல்ல. பண்டைய ரோமானிய வணிகத்தை அந்த அனுபவத்தோடு இணைக்க, அரிக்கமேட்டுக்குச் சென்று வந்தது எனக்கு உதவியது.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. அங்கே ரோமானியத் தூண்களை எதிர்பார்க்க வேண்டாம். நிற்கும் செங்கல் சுவர்கள்கூட 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியவை. அகழ்வில் கிடைத்த பொருள்கள் சிலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

அவற்றுள் முக்கியமானவை ஆம்போரா சாடியின் ஓடுகள். இரண்டு கைப்பிடிகளும் கூம்பிய அடியும் கொண்ட இச்சாடிகளில் திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறின. அக்காலத்துக் கன்டெய்னர் என்றால் மாணவர்களுக்கு உடனே புரியும்.

1945இல் இங்கு அகழ்வு நடத்திய மார்டிமர் வீலருக்கு, இத்தாலியின் அரெட்சோ நகர வகைச் சிவப்புக் கலங்களின் ஓடுகள் உதவின. அக்கலங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தவை என்பது தெரிந்திருந்ததால், அதே மண்ணடுக்கில் இருந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. தேதியில்லாத தாள்களுக்கு நடுவே ஒரு நாளிதழ் கிடைத்தது போலத்தான்.

ஆனால், அரிக்கமேட்டை ரோமானியரின் வணிகக் குடியிருப்பு என்று சொல்லிவிடலாமா? 1989–92இல் விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழ்வு, ரோமானிய வணிகத்துக்கு முன்பும் பின்பும் அங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. மணிகள் அங்கேயே செய்யப்பட்டன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. வணிகம் இருவழிப் பாதை.

இதை வகுப்பில் ஒரு கேள்வியாக வைக்கலாம்: "எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் ஏற்றிய கார் ஒன்று வெளிநாட்டில் புதைந்து, 2000 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தால், அந்த ஊரைச் சென்னைக்காரர்கள் கட்டினார்கள் என்று சொல்லலாமா?"

பிறகு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, 'பொருள் காட்டுவது', 'நாம் ஊகிப்பது' என எழுதச் சொல்லுங்கள். உடைந்த பீங்கான் கோப்பை ஒன்று போதும். சான்றையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகும் மாணவர், பாடநூலையும் செய்தியையும் அதே கண்ணோடு வாசிப்பார்.